ஓ.டி.ஜி. அடுப்பும் வீட்டு மின்சாரமும்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் 2000 வாட் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) ஒன்று சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கேக், பன், தேங்காய் பிஸ்கட் என்று வார இறுதிகளில்தான் அதற்குப் பெரும்பாலும் வேலை. அடுப்பின் தரத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் "அடுப்பு கெட்டுவிட்டது" என்று வீட்டில் பேச்சு எழுந்த சமயங்களில் பெரும்பாலும் கோளாறு அடுப்பில் இல்லை, அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில்தான் இருந்தது.

முதலில் லோ வோல்டேஜ். நம் வீடுகளுக்குரிய மின்னழுத்தம் 230 வோல்ட். சித்திரை, வைகாசி மாலைகளில் தெரு முழுவதும் ஏ.சி. ஓடத் தொடங்கியதும் இது நன்றாகவே இறங்கிவிடுகிறது. அடுப்பைச் சூடாக்கும் காயில் தரும் வெப்பம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 180 வோல்ட்டில் இந்த 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 1225 வாட்தான் தரும். இதற்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஃப்ரிட்ஜுக்கு வைக்கும் சிறிய ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது. வைத்த சூட்டை அப்படியே காக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதால் அடுப்பு சூடேறும் நேரம்தான் நீள்கிறதே தவிர, சூடேறிய பிறகு கேக் வேகுவதில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, முள் உரிய இடத்தைத் தொட்ட பின்பு மாவை வைத்தால் போதும்.

இதைவிடத் தொல்லை தந்தது வேறொன்று. காலை நேரத்தில், அக்கம்பக்கத்தில் யாருக்கும் வோல்டேஜ் குறையாதபோதும், அடுப்பு மந்தமாகச் சூடேறியது. சில நேரம் இண்டிகேட்டர் விளக்கு மினுக்கியது. பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிந்தது. மல்டிமீட்டரும் 228 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில்தான் பலரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள். டெஸ்டர் எரிவதற்கு மிக மிகச் சிறிய மின்னோட்டமே போதும் என்பதால், இற்றுப்போன இணைப்பின் வழியாகவும் அது எரியும். சுமை இல்லாதபோது மல்டிமீட்டர் காட்டும் எண்ணும் அப்படிப்பட்டதே. வந்த எலக்ட்ரீஷியன் அடுப்பை முழுச் சூட்டில் ஓடவிட்டு, அதே போர்டில் பக்கத்துப் பாயின்ட்டில் அளந்து பார்த்தபோது மீட்டர் 205க்கு இறங்கியது. அடுப்பை அணைத்ததும் பழையபடி ஏறியது.

அவர் அடுத்துச் செய்த சோதனை எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று. அடுப்பு ஓடும்போதே நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்துக்கும் இடையே வோல்டேஜை அளந்தார். எர்த் சரியாக உள்ள வீட்டில் இந்த வோல்டேஜ் சுமையின்போது வெகுவாக உயர்ந்தால் நியூட்ரல் பக்கத்து இணைப்பில் பழுது. அது உயராமல் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) வோல்டேஜ் மட்டும் விழுந்தால் பேஸ் பக்கத்தில் பழுது. எங்கள் வீட்டில் நியூட்ரல்தான். மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்ததில், சமையலறைப் போர்டுக்குள் நியூட்ரல் திருகு தளர்ந்து, ஒயரின் உறை கருகிப்போயிருந்தது. அந்தக் குறைந்த வோல்டேஜில் இந்த அடுப்பு இழுப்பது ஏறத்தாழ 8 ஆம்பியர். தளர்ந்த இணைப்பில் ஒரு ஓம் தடை இருந்தாலே 8 வோல்ட் அங்கே வீணாவதோடு 64 வாட் வெப்பமும் அந்தத் திருகிலேயே இறங்கும். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்தால் பிளாஸ்டிக் ஏன் உருகுகிறது என்பது விளங்கும். கருகிய நுனியை வெட்டி, புதிய 16 ஆம்பியர் பாயின்ட் போட்டு, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயரைத் தனியாக இழுத்த பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. முன்பு அதே லைனில் கிரைண்டரும் இருந்ததால் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துகொண்டிருந்ததும் இதோடு நின்றது. 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாற்று பிளக் செருகி அடுப்பை ஓட்டுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும் இதே கருகலுக்குத்தான் கொண்டுபோகும்.

ஐப்பசி மழையில் வருவது இன்னொரு வகை. பல வாரம் சும்மா இருந்த அடுப்பைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது. காயிலின் உலோகக் குழாய்க்குள் அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் அடுப்பின் உலோக உடலுக்குக் கசிந்து 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் விழுந்தால் ஈரம் என்று ஐயப்படலாம். நன்கு சூடான பிறகே விழுந்தால் காயிலில் விரிசலோ உள் ஒயரில் பழுதோ இருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் விழாது என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கசிவு அப்படியே இருக்க, அடுப்பின் உடலைத் தொடுபவர் வழியாகத்தான் அது தரைக்குப் போகும். நாங்கள் அடுப்பை வெயிலில் காயவைத்தோம், 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று காப்புத் தடையை அளந்து காட்டும் கருவி) சோதித்த பிறகு கீழ்க்காயிலை மட்டும் மாற்றினோம். இப்போது மழைக்காலத்தில் கேக் போடாத வாரங்களிலும் அடுப்பைச் சிறிது நேரம் வெறுமனே சூடாக்கி வைக்கிறேன், ஆர்.சி.சி.பி. அதன் பிறகு விழவில்லை.