ஒன்பது மழைக்காலம் பார்த்த ஒரு வால்வு

2015 டிசம்பரில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் வெள்ளம் வாசல் வழியாக வரவில்லை. மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், உள்ளே இருந்து மனைவியின் குரல்: "என்னங்க, கக்கூஸ்ல இருந்து தண்ணி பொங்குது!" தெருச் சாக்கடை நிரம்பினால் வாசற்படி ஏறுவானேன்? அதைவிடத் தாழ்வாக பாத்ரூம் இருக்கிறதே. மாடிப்படிக்குக் கீழே தரையில் இருந்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் அன்றோடு சரி.

2016 கோடையில், வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் கடைசி சேம்பருக்கும் (தொட்டிக்கும்) தெருச் சாக்கடை இணைப்புக்கும் நடுவே நான்கு அங்குல ஒருவழி வால்வு போட்டோம். கடையில் என்.ஆர்.வி. என்றால் தெரியும். உள்ளே ஒரு தகடு தொங்கும். நம் கழிவு போகும்போது திறக்கும், தெருவிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். கழிவு லைனுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற ஸ்பிரிங் வால்வு இதற்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். மேலே திறந்து பார்க்க மூடி இருப்பதாக வாங்குங்கள். கூலியோடு ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

ஆனால் 2017 நவம்பர் மழையில் மறுபடியும் பாத்ரூமில் தண்ணீர்! இந்த முறை தெருத் தண்ணீர் இல்லை, எங்கள் வீட்டுத் தண்ணீரேதான். மொட்டைமாடி மழைநீர் பைப்பை யாரோ ஒரு காலத்தில் அதே சேம்பரில் விட்டிருக்கிறார்கள். வால்வு ஒழுங்காக மூடியதால் அது வெளியே போக வழியில்லாமல் உள்ளே ஏறிவிட்டது. ப்ளம்பர் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், இதை முதல்லயே பாத்திருக்கணும்" என்றார். நானும்தான். மழைநீர் பைப்பைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பினோம். மாடி வீட்டுக் கழிவு லைனையும் வால்வுக்கு வெளியே தனியாக இணைத்தோம்.

2023 மிக்ஜாம் புயலில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பாத்ரூமில் லேசாகக் கசிவு மட்டும் இருந்தது. வடிந்த பிறகு மூடியைத் திறந்தால், தகட்டின் விளிம்பில் ஒரு ஷாம்பு பாக்கெட்! அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் திறந்து கழுவிவிடுகிறேன். தகட்டின் ரப்பரை ஒருமுறை மாற்றியாயிற்று.

இன்வெர்ட்டர் கதை சின்னது. புதிதாக வாங்கியதை நான்கடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினேன். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், தனியாளாகத் தூக்க வேண்டாம். 2016 வர்தா புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரியே பேட்டரி தீர்ந்தது. இரண்டு சாதா ஃபேனும் மூன்று எல்.இ.டி. விளக்கும் ஆறேழு மணி நேரம்தான் ஓடின. பிறகு குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினோம், இப்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் வருகிறது. முதலிலேயே இந்த ஃபேனை வாங்கியிருக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருப்பது ஒரு தொல்லை.

வால்விலும் ஒரு தொல்லை உண்டு. அது மூடியிருக்கும்வரை கீழே குளியல், துணி, கக்கூஸ் எதுவும் கூடாது. மிக்ஜாமின்போது இரண்டு நாளும் நாங்கள் நான்கு பேரும் மாடி வீட்டுக் கதவைத்தான் தட்டினோம். அவர்கள் லைனைத் தனியாகப் பிரித்த செலவில் பாதியை அவர்களிடம் கேட்கலாமா என்று முன்பு யோசித்திருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.