எட்டு வருடத்தில் ஒரே ஒரு நிஜமான எச்சரிக்கை

2017 செப்டம்பரில், அமெரிக்காவில் எல்லாருடைய கடன் விவரங்களையும் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் தகவல் திருட்டு வெளியே வந்தபோது, நாங்கள் நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் களவு போயிருந்தன. என்னுடையதும் அதில் இருந்தது. அந்த எண்ணை வாங்கிய சூடே ஆறவில்லை, அதற்குள் யார் யார் கையிலோ.

அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நம் பெயரில் யாராவது கடன் கேட்டால் எச்சரிக்கும் கிரெடிட் கண்காணிப்புச் சேவைகளில், மாதாமாதம் பணம் கட்டிச் சிலர் சேர்ந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. கையிலிருந்த டிஸ்கவர் கார்டில் அந்த வருடம்தான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான எச்சரிக்கையை இலவசமாகத் தொடங்கியிருந்தார்கள். செயலியில் ஒரு பொத்தானை அமுக்கியதோடு சரி. பிறகு கேபிட்டல் ஒன்னின் கிரெடிட்வைஸ், சேஸின் கிரெடிட் ஜர்னி இரண்டிலும் சேர்ந்தேன். இந்த இரண்டுக்கும் அந்த வங்கியின் கார்டே தேவையில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை.

எதற்கு மூன்று? கடன் தருகிறவர்கள் கேட்டுப் பார்க்கும் நம் கிரெடிட் கோப்பை வைத்திருக்கும் பீரோக்கள் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று. இலவசச் சேவைகள் பெரும்பாலும் ஒன்றையோ இரண்டையோதான் பார்க்கும். எதைப் பார்க்கிறது என்பது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் "எனக்குக் கண்காணிப்பு இருக்கிறது" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் வருடம் அப்படித்தான் தூங்கினேன்.

முதல் நான்கு வருடம் முழுக்கப் புலி வருது கதைதான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால், கார்டு வரம்பில் பாதிக்கு மேல் போய்விடும். உடனே "உங்கள் ஸ்கோர் குறைந்துவிட்டது" என்று, கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணைச் சொல்லி, மூன்று செயலியும் ஒவ்வொன்றாகக் கத்தும். அடுத்த மாதம் கட்டி முடித்ததும் ஸ்கோர் தானாக ஏறிவிடும். கார் கடனை அடைத்து முடித்ததற்கும் ஸ்கோர் இறங்கியது. கடனை அடைத்தால் தண்டனையா என்று என் மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

டார்க் வெப், அதாவது திருடிய தகவல்கள் கைமாறும் மறைவான இணையம், அதைப் பற்றிய எச்சரிக்கை இன்னொரு கூத்து. பத்து வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சலும் ஏதோ ஒரு பாஸ்வேர்டும் எங்கோ கிடந்ததாம். எந்தத் தளத்திலிருந்து போனது என்று பல நேரம் அதில் இருக்காது. பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடியும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வந்தவர்கள் நாம். ஒரு வங்கியில் பெயர் முன்னே, இன்னொன்றில் பின்னே, மூன்றாவதில் வெறும் இனிஷியல். ஒருநாள் "புதிய முகவரி சேர்க்கப்பட்டுள்ளது" என்று தகவல் வந்தது. நான் வாழ்நாளில் போகாத ஊர். திருட்டு என்று பதறிப்போய்த் தோண்டியதில், என் பெயரும் என் அப்பா பெயரும் கொண்ட இன்னொருவரின் விவரம் என் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பீரோவிடம் ஆட்சேபம் பதிந்தேன். சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள், முகவரியும் போனது. வீட்டுக் கடன் நேரத்தில் இது தெரியவந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பேனோ. மோசடியைவிட இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிக்கத்தான் எனக்கு இந்தச் சேவைகள் அதிகம் உதவியிருக்கின்றன.

நிஜமான எச்சரிக்கை 2021-இல் வந்தது. ஒரு சனிக்கிழமை, மகனைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்தேன். வேறொரு மாநிலத்தில் ஒரு செல்போன் கடை என் கிரெடிட் கோப்பைக் கேட்டிருப்பதாக ஒரு செயலி சொன்னது. மற்ற இரண்டும் மூச்சுவிடவில்லை. அந்தக் கடை ஒரே ஒரு பீரோவிடம்தான் கேட்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு செயலி மட்டும். தேதியைப் பார்த்தேன்: இரண்டு நாள் பழையது. யாரோ என் பெயரில் போன் வாங்கிப் பேசவே ஆரம்பித்திருக்கலாம்.

கடையின் மோசடிப் பிரிவில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினேன். கணக்கு திறந்தாகிவிட்டது, இரண்டு போன் போயாகிவிட்டது. அங்கிருந்தபடியே ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் புகார் பதிந்தேன். அடுத்து என்னென்ன செய்ய வேண்டும், யாருக்கு என்ன கடிதம் என்று அதுவே வரிசையாகக் கொடுத்துவிடுகிறது. எட்டு வருடத்தில் நான் பார்த்த உருப்படியான தளம் அதுதான். கணக்கை மூடி, அந்தக் கடை கோப்பைக் கேட்ட பதிவை நீக்க ஆறு வாரம் ஆனது. பணம் போகவில்லை. மதிய நேரங்கள் நிறையப் போயின.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கண்காணிப்பு என்பது திண்ணையில் படுத்திருக்கும் நாய். திருடன் உள்ளே போனபிறகு குரைத்தாலும் அதன் வேலை முடிந்தது. கதவைப் பூட்டுவது ஃப்ரீஸ், அதாவது புதிதாகக் கடன் தருகிறவர்களுக்கு என் கோப்பைக் காட்டாதே என்று பீரோவிடம் சொல்லிவைப்பது. மூன்று பீரோவிலும் ஃப்ரீஸ் போட்டிருந்தால், கோப்பைப் பார்க்க முடியாமல் அந்தக் கடை பெரும்பாலும் கையை விரித்திருக்கும். முன்பு பல மாநிலங்களில் இதற்குக் கட்டணம் இருந்தது. 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுக்க இலவசம். மூன்று வருடம் இலவசமாகக் கிடந்ததை நான் சோம்பலில் விட்டிருந்தேன்.

ஃபிராட் அலர்ட் என்பது வேறு: கடன் தருமுன் ஆளைச் சரிபார்க்கச் சொல்லிக் கோப்பில் வைக்கும் குறிப்பு. அதை ஒரு பீரோவிடம் சொன்னால் மற்ற இரண்டுக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள், ஒரு வருடம் நிற்கும். ஃப்ரீஸுக்கு மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே அதேபோல் கோப்பைப் பூட்டும் இன்னொன்றையும் "லாக்" என்ற பெயரில் நீட்டுவார்கள், சில இடங்களில் காசுக்கு. எனக்கு ஃப்ரீஸே போதும். அதில் தொல்லை இல்லாமல் இல்லை: போன வருடம் சோபா வாங்கத் தவணைக்கு விண்ணப்பித்து, ஃப்ரீஸ் போட்டதையே மறந்துபோய், கடையில் எல்லார் முன்னாலும் நிராகரிக்கப்பட்டேன். இணையத்தில் எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எனக்குச் சில நிமிடத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

இந்தச் சேவைகள் கண்ணுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. கையிலிருக்கும் கார்டில் யாராவது செலவு செய்தால் இவற்றுக்குத் தெரியாது. அதற்குக் கார்டு செயலியில் ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வைக்க வேண்டும். நம் பெயரில் வரிக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டை அடித்துக்கொண்டு போனாலும் தெரியாது. அதற்கு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கொடுக்கும் ஐபி பின் என்ற ஆறு இலக்க ரகசிய எண் இருக்கிறது. 2021 முதல் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வருடா வருடம் எண் மாறும். என் கண்காணிப்புக் கணக்கில் மனைவியும் அடக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையாது, அவர் தனியாகத்தான் சேர வேண்டும்.

இலவசத்துக்கு விலை விளம்பரம். திறக்கும்போதெல்லாம் "உங்களுக்கு ஏற்ற கார்டு" என்று ஒன்று வந்து நிற்கும். தள்ளிவிட்டுப் போகப் பழகிவிட்டது. மூன்று பீரோவின் முழு அறிக்கையையும் ஆன்னுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காமில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்க முடிகிறபோது, காசு கட்டும் சேவைக்கு என்ன தேவை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது இரண்டு செயலி மட்டும் வைத்திருக்கிறேன். ஸ்கோர் ஏறி இறங்கும் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். புதிய கணக்கு, யாராவது புதிதாகக் கோப்பைக் கேட்பது, முகவரி மாற்றம் இவை மட்டும் வருகின்றன. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரே ஃப்ரீஸ் போடலாம் என்று தெரிந்ததும், மகளுக்காகப் பிறப்புச் சான்றிதழ் நகலோடு மூன்று உறைகளைத் தபாலில் சேர்த்தேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மூன்றாவது, நகல் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்து மேசைமேல் கிடக்கிறது.