கண்ட்ரோல் இசட்டோடு பதினைந்து ஆண்டுகள்

என் விசைப்பலகையில் முதலில் எழுத்து அழிந்துபோனது இசட் விசை. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு அந்த விசையில் இருப்பது ஔ. ஔவையார், ஔடதம், மௌனம், கௌரவம் போன்ற சில சொற்களை விட்டால் அதற்கு வேலையே இல்லை. ஆக, அதைத் தேய்த்தது முழுக்க முழுக்க, கடைசியாகச் செய்ததை இல்லாமலாக்கும் கண்ட்ரோல் இசட்தான். பிறர் எழுதியதைச் செப்பனிடுவதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். நாளெல்லாம் சொற்செயலியில் வெட்டுகிறேன், ஒட்டுகிறேன், மனம் மாறித் திரும்புகிறேன்.

தொடக்கத்தில் இந்த வசதியைக் கண்மூடித்தனமாக நம்பினேன். நம்பிக்கை உடைந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நீண்ட கட்டுரையில் காலையில் ஒரு பத்தியை நீக்கியிருந்தேன். மாலையில் அது இல்லாமல் கட்டுரை நொண்டுவது தெரிந்தது. கண்ட்ரோல் இசட்டை அழுத்திக்கொண்டே போனேன். எழுபது எண்பது முறை அழுத்தியிருப்பேன். பத்தி மீண்டும் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொண்டு, தவிர்த்ததை மீண்டும் செய்யும் கண்ட்ரோல் ஒய்யால் மாலைக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். நகலெடுக்கும்போது விரல் கண்ட்ரோல் விசையைத் தவறவிட்டது. தமிழ்99-இல் சி விசை என்பது ஒ. தேர்ந்தெடுத்திருந்த பத்தி மறைந்து, அந்த இடத்தில் ‘ஒ’ என்று ஒற்றை எழுத்து நின்றது.

பத்தியை மீட்க ஒரு முறை இசட் போதும். மீட்டேன். ஆனால் ‘மீண்டும் செய்’ பொத்தானில் மிஞ்சியிருந்தது அந்த ‘ஒ’ மட்டும்தான். காலையிலிருந்து மாலைவரை செய்த திருத்தங்கள் அத்தனையும் போயின.

காரணம் எளிது. சொற்செயலி நம் செயல்களை ஓர் அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறது. செயலைத் தவிர்க்கும்போது மேலே இருப்பது இன்னோர் அடுக்குக்கு மாறுகிறது. மீண்டும் செய்யும்போது அங்கிருந்து திரும்பி வருகிறது. நடுவில் ஒரே ஓர் எழுத்தைப் புதிதாகத் தட்டினாலும் போதும், இரண்டாவது அடுக்கு மொத்தமாகக் கொட்டப்படும். நிரலாளர்கள் பயன்படுத்தும் விம் என்ற எழுதும் செயலி 2006-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, இப்படிக் கொட்டப்படும் செயல்களையும் கிளைகளாக மரம்போலச் சேர்த்து வைக்கிறது. எழுத்து வேலைக்கான செயலிகளில் அது ஏன் வழக்கமாகவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒற்றை எழுத்தால் ஆவணத்தைப் பறிகொடுப்பது பழைய கதைதான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1974-இல் உருவான பிராவோ என்ற செயலியில், கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது நீக்கும், மூன்றாவது இடைச்செருகலைத் தொடங்கும், நான்காவது எழுத்து மட்டும் ஆவணமாக நிற்கும். என் ‘ஒ’வுக்கு மூதாதையர் உண்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

ஆறுதல் என்றதும் இன்னொன்று. எண்களை இலக்கத்தில் தரவேண்டும் என்ற விதிக்காக ஒரு நூலின் கோப்பில் ‘ஆறு’ என்பதை ‘6’ என்று ‘அனைத்தையும் மாற்று’ கொடுத்தேன். ‘ஆறுதல்’ ‘6தல்’ ஆனது. ஆறுமுகம் என்ற பாத்திரம் 6முகம் ஆனார். உடனே பார்த்திருந்தால் ஒரே ஒரு இசட் போதும். எத்தனை இடங்கள் மாறியிருந்தாலும் அது ஒரே படிதான். நான் பார்த்தது மறுநாள். கோப்பை மூடினால் செயல்தவிர்க்கும் வரலாறும் அதோடு போய்விடும். ‘6’-ஐத் திரும்ப ‘ஆறு’ ஆக்கலாம் என்றால் ‘16’ எல்லாம் ‘1ஆறு’ ஆகும். ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன்.

சின்ன வசதிகளில் நான் மிகவும் விரும்புவது தானியங்கித் திருத்தத்தை மட்டும் தவிர்ப்பது. அடைப்புக்குறிக்குள் ஆங்கில சி எழுத்தைத் தட்டினால் வேர்டு அதைக் காப்புரிமைக் குறியாக்கும். உடனே இசட் அழுத்தினால் நான் தட்டியது அப்படியே நிற்கும், செயலி செய்தது மட்டும் விலகும். இது தெரியாமல் பல ஆண்டுகள் அழித்து அழித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். வேர்டில் ஷிப்ட் எஃப்5 கடைசியாகத் திருத்திய இடத்துக்குக் கூட்டிப்போகும். எங்கே விட்டோம் என்று பார்ப்பதற்காக மட்டும் இசட் அழுத்தும் பழக்கம் அதன்பிறகே நின்றது.

தமிழுக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. ‘கோ’வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஓகாரக் குறி மட்டும் போய் ‘க’ மிஞ்சும். முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் எழுத்தே போகும். ‘ஸ்ரீ’யை அழிக்கப் பேக்ஸ்பேஸ் நான்கு முறை வேண்டும். பிழை உயிர்மெய்க் குறியில் மட்டும் இருந்தால் பேக்ஸ்பேஸ்தான் மிச்சம். அதற்கெல்லாம் இசட்டைத் தொடுவதில்லை. தொட்டால் ஒரு சொல் போகுமா, நிறுத்தாமல் தட்டிய முழு வரியும் போகுமா என்பது செயலிக்குச் செயலி மாறும்.

கூகுள் டாக்ஸில் பலர் சேர்ந்து எழுதும்போது என் இசட் என் திருத்தங்களை மட்டுமே தொடும். அடுத்தவர் எழுதியதைக் கலைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பழைய பதிப்புகள் தனியே இருப்பதால் கோப்பை மூடியபிறகும் திரும்பிப் போகலாம்.

இப்போது பின்னோக்கிப் போகும் முன், முழு ஆவணத்தையும் நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டிச் சேமித்துவிடுகிறேன். சேமித்துவிட்டுப் பின்னே போய், சேமிக்காமல் மூடலாம் என்று சிலர் சொல்வார்கள். தானாகச் சேமிக்கும் கோப்பில் அது ஆபத்து. பழைய நிலைதான் சேமிக்கப்பட்டுவிடும்.

நீக்கும் பத்திகளையும் நீக்குவதில்லை. வெட்டி, ‘வெட்டியவை’ என்ற தனிக் கோப்பில் ஒட்டுகிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பிட்டுச் சேர்த்ததில் அது இருநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து இதுவரை திரும்ப எடுத்தவை இரண்டே பத்திகள்.