சைக்கிள் கியர் ஷிஃப்டர் மாற்றுகிறவர்களே, உஷார்: 2,850 ரூபாய் போச்சு

கையில் கிரீஸ் கூட இன்னும் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு மண்டபம். ஞாயிறு தவறாமல் தனுஷ்கோடி வரை மிதிப்பேன். இந்த உப்புக்காற்றில் எந்த இரும்பு நிற்கும்? எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளின் வலது ஷிஃப்டர், அதாவது கைப்பிடியில் கியர் மாற்றும் விசை, உள்ளுக்குள் துருவேறி, அழுத்தினால் கிளிக் விழாமல் தொளதொளவென்று போனது. பின்னால் 8 கியர், ஷிமானோ கம்பெனியின் ஆல்டஸ் டெரெய்லர் (கேபிள் இழுக்க, சங்கிலியைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்). ராமநாதபுரத்தில் கேட்ட இரண்டு கடையிலும் 7 கியருக்கானதுதான் இருந்தது. அதனால் சைக்கிள் சாமான் மட்டுமே விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்குப் போனேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. டெரெய்லரைப் பெயர் தெரியப் படமெடுத்து அனுப்பி, “இதுக்குச் செட் ஆகுமா?” என்று கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் பதில்: “8 ஸ்பீடுதானே ப்ரோ, தாராளமா போடுங்க. எல்லா எம்டிபிக்கும் சேரும்.” கூடவே ஒரு கட்டைவிரல் படம். அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் 2,850 ரூபாய் கட்டினேன்.

வந்ததும் மாட்டினேன். ஸ்டாண்டில் சுற்றும்போதே சங்கிலி தடுமாறியது. ஓட ஓடச் சரியாகும் என்று நினைத்தது என் மடத்தனம். பாம்பன் பாலத்து ஏற்றத்தில், கச்சான் காற்று தள்ள, கியரைக் குறைக்க ஒரு கிளிக் அழுத்தினேன். ஒன்றைத் தாண்டி அடுத்ததில் ஏறி, நிற்காமல் கடகடவென்று அடித்தது. பின்னால் டூரிஸ்ட் வேன் ஹாரன்.

உச்சிப்புளி மெக்கானிக் அண்ணன் கேபிளில் மார்க்கரால் கோடு போட்டு, ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளிக்காக அழுத்தினார். “தம்பி, உன் டெரெய்லருக்குக் கிளிக்குக்கு மூணு மில்லிக்குள்ள இழுக்கணும். இது நாலுக்கு மேல இழுக்குது. இது ஸ்ராம் கம்பெனி மாதிரி ‘ஒன்றுக்கு ஒன்று’ டெரெய்லருக்கானது, அது கேபிள் இழுக்கிற அளவுக்கே கிட்டத்தட்ட நகரும்” என்றார். அதாவது என் டெரெய்லரில் ஒரு கிளிக்குக்கு ஒன்றரைக் கியர் தாண்டும். எண்ணிக்கை இரண்டிலும் 8தான், இழுவை வேறு. என்ன திருகினாலும் சேராது.

கடைக்காரரிடம் சொன்னேன். முதல் நாள், “கேபிளை டைட் பண்ணுங்க.” மறுநாள், “நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க.” (அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.) மூன்றாம் நாள், “மாட்டிட்டீங்க, அதனால ரிட்டர்ன் கிடையாது.” மாட்டாமல் எப்படி ஐயா தெரியும்? படம் அனுப்பிக் கேட்டேனே என்றதற்கு, “அது சேல்ஸ் டீம் சார், நாங்க சப்போர்ட்.” 2,850 ரூபாய் வாங்கும்வரை ப்ரோ, வாங்கியதும் சார்! அடுத்து என் புகாரையே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கியர் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். டெரெய்லரின் கம்பெனியையும் மாடலையும் சொல்லி, சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஷிமானோவிலேயே 9 வரைக்கும் ஒரு இழுவை, 10 கியர் எம்டிபிக்கு வேறு, அதையும் கலக்காதீர்கள். கடையோடு பேசிய சாட் மெசேஜ்களை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நான் எடுத்திருந்ததால்தான் இன்று 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிய முடிந்தது.

2,850 ரூபாய் ஷிஃப்டர் மேசை மேல் கிடக்கிறது. யாரிடமாவது 8 கியர் ஸ்ராம் டெரெய்லர் இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.