பிள்ளைகளைக் கடைசியில் கூப்பிடுவதா, முதலிலேயே உட்கார வைப்பதா?

காரைக்குடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பல்லாங்குழியை மொபைல் விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறோம். முக்கால்வாசி வேலை முடிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டோம். கானாடுகாத்தானில் ஒரு உறவினர் வீட்டுத் திண்ணை. 8 வயது முதல் 11 வயது வரை ஐந்து பேர். "நல்லா இருக்குண்ணே" என்றார்கள். பொத்தான் சின்னதாக இருக்கிறது, பாட்டுச் சத்தம் அதிகம் என்றார்கள். குறித்துக்கொண்டோம். அரை மணி நேரத்தில் போனை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வீட்டு அப்பத்தாவின் மரப் பல்லாங்குழியை இழுத்துப் போட்டு, புளியங்கொட்டையை அள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கே தவறினோம் என்று தேடியபோதுதான், இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த அலிசன் ட்ரூயின் 2002இல் எழுதிய கட்டுரையில், தொழில்நுட்பத்தை உருவாக்கும்போது குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய இடங்களை நான்காகப் பிரிக்கிறார்: பயன்படுத்துபவர், சோதிப்பவர், தகவல் சொல்பவர், வடிவமைப்புக் கூட்டாளி. முதலாவதில் முடிந்த பொருளைப் பிள்ளைகள் பயன்படுத்துவதைப் பார்த்து, அடுத்த பொருளுக்குப் பாடம் எடுத்துக்கொள்வார்கள். எங்களைப் போல ஒரே ஒரு விளையாட்டு செய்பவர்களுக்கு அது உதவாது. மற்ற மூன்றையும் நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டோம்.

சோதிப்பவராகக் கூப்பிடுவதுதான் மலிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திண்ணையில் நாங்கள் செய்தது அதுதான். ஆனால் அப்போது என்ன மாற்ற முடியும்? ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடி மேல் முதலில் வண்ணக் கலவையை ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் மணலும் சிமெண்டும் போடுவார்கள். காய்ந்த கல்லைத் திருப்பிப் பார்த்து, பூவின் நிறம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? பொத்தானைப் பெரிதாக்கினோம், சத்தத்தைக் குறைத்தோம். பிள்ளைகள் போனைக் கீழே வைத்த காரணம் அப்படியே இருந்தது.

அடுத்து, தகவல் சொல்பவர். பிரிட்டனில் மைக் ஸ்கைஃப், இவோன் ரோஜர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1997இல் முன்வைத்த வழி இது: முக்கியமான கட்டங்களில் பிள்ளைகளிடம் போய்க் கேட்பது, முடிவைப் பெரியவர்கள் எடுப்பது. மரப்பலகையில் அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் செயலியில் குழியைத் தொட்டால் காய்கள் தாமாகவே ஓடி விழும். பலகையில் அப்படி இல்லை. கை நிறைய அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, எங்கே முடியும் என்று கண் முன்னால் ஓடுகிறது. "போடுறதுதானேண்ணே விளையாட்டு?" என்று ஒரு பையன் கேட்டான். நாங்கள் வேகத்துக்காக அந்த விளையாட்டையே வெட்டி எறிந்திருந்தோம்.

வீட்டுக்குப் போய், காய் விழும்போதெல்லாம் போன் அதிரும்படி செய்துகொண்டு வந்தோம். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இந்த வழியின் குறை அங்கேதான் இருக்கிறது: அவர்கள் சொன்னதற்கு நாங்களாக ஒரு பொருள் வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான் கூட்டாளி முறைக்கு வந்தோம். 1998இல் ட்ரூயின் மேரிலாந்தில் தொடங்கிய 'கிட்ஸ்டீம்' குழுவில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து வடிவமைத்தார்கள். 2002இல் வந்த சர்வதேசச் சிறுவர் மின்நூலகம் அப்படிப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவானது. ஒருவர் யோசனை மேல் இன்னொருவர் யோசனையை வைத்துக் கட்டப் பழகவே 6 மாதம் வரை ஆகலாம் என்று ட்ரூயினே எழுதியிருக்கிறார். அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பேசுவதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பெயர் சொல்லும் பழக்கம் ஒத்து வராது, வரவும் வேண்டாம். ஆனால் மரியாதைக்காக "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிடுகிறார்களே, அதற்கு வழி வேண்டும். அந்தக் குழுவினரின் ஒட்டுத்தாள் முறை இங்கேயும் நன்றாக வேலை செய்தது: பிடித்தது, பிடிக்காதது, செய்ய வேண்டியது எல்லாவற்றையும் தாளுக்கு ஒன்றாக, பெயர் போடாமல் எழுதிச் சுவரில் ஒட்டுவது. எங்கள் சுவரில் பிடிக்காதவைதான் அதிகம்.

அட்டையில் போன் வெட்டிக் கொடுத்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்து விளையாட்டை நடித்துக் காட்டச் சொன்னோம். ஒரு குழியில் 4 சேர்ந்தால் பசு. எங்கள் செயலி அதைத் தானே எடுத்து, உரியவர் கணக்கில் சேர்த்து, மணி அடிக்கும். அஞ்சாவது படிக்கும் பெண் அட்டையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "பசு விழுந்தா போன் சொல்லக் கூடாதுண்ணே. நாமதான் பாத்து எடுக்கணும். பாக்காம விட்டா போச்சு." பக்கத்தில் இருந்தவன், "அப்ப ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காரணும், எழுத்து ரெண்டு பக்கமும் நேராத் தெரியணும்" என்று சேர்த்தான். எத்தனை பேரைச் சோதிக்க வைத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

பிள்ளைகள் கட்டைகளை அடுக்குவதுபோல் நிரல் எழுத உதவும் ஸ்க்ராட்ச் போன்ற கருவியைக் கொடுத்து, பிள்ளைகளையே முழு விளையாட்டையும் செய்யவிடும் வழியும் உண்டு. ஆய்வாளர் யாஸ்மின் கஃபாய், லோகோ என்ற நிரல் மொழியில் பிள்ளைகளைப் பின்னம் கற்பிக்கும் விளையாட்டு செய்ய வைத்து, 1995இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அங்கே நோக்கம் பிள்ளையின் கற்றல். நம் கையில் ஒரு நல்ல செயலி வந்து சேர வேண்டும் என்றால் அது வேறு வேலை.

ஆகவே என் தேர்வு கூட்டாளி முறைதான். சோதனையையும் விட வேண்டாம், பொத்தான் அளவுக்குக் கடைசியில் அது தேவை. ஆனால் விதியும் கைப்பழக்கமும் பிள்ளைகளோடு முடிவாகும் வரை ஒரு வரி கோடிங் கூட எழுத வேண்டாம். நேரம் அதிகம் ஆகும், அது உண்மைதான். எங்களுக்கு மூன்று மாதம் கூடிவிட்டது. பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பரீட்சை மாதத்தில் தொடவே தொடாதீர்கள். செயலி விற்றுக் காசு வந்தால் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்பதையும் முதல் நாளே பெற்றோரோடு முடிவு செய்யுங்கள். நாங்கள் அதைத் தள்ளிப்போட்டோம். இப்போதுதான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.