பிப்பா, யூவியா? பழைய பைதான் நிரலுக்கு எது தோது

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் ஆர்டர், இருப்புக் கணக்கெல்லாம் ஒரு பைதான் நிரலில் ஓடுகிறது. காரைக்குடியிலிருந்து அதைப் பராமரிப்பது நான். பைதான் நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, இறக்கி நிறுவும் கருவிகள் பிப்பும் (pip) யூவியும் (uv). அண்மையில் அந்த நிரலை பிப்பிலிருந்து யூவிக்கு மாற்றினேன். அதனால் என் சாய்வு யூவி பக்கம்தான்.

வேகத்தில் யூவி முந்தும். பிப் பைதானோடு கூடவே வந்துவிடும். இவை தெரிந்த கதை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்று ஓடுவதை இரண்டு வருடம் கழித்து வேறு கணினியில் அப்படியே நிறுவ முடியுமா?

வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடுவது ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு. பட்டறையின் பழைய கோப்பில், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் (pandas) பேக்கேஜின் 2.0.3 பதிப்பு என்று மட்டும் இருந்தது. பாண்டாஸுக்கு நம்பை (NumPy) என்ற கணக்கீட்டுப் பேக்கேஜ் வேண்டும். ஆனால் எந்தப் பதிப்பு வரை ஆகும் என்று 2.0.3 வரம்பு கட்டவில்லை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. அதன்பின் வாங்கிய கணினியில் பிப் புதிய நம்பையை இறக்க, பழைய நம்பைக்காகத் தொகுக்கப்பட்ட பாண்டாஸ், நிரலுக்குள் ஏற்றும் இம்போர்ட் கட்டத்திலேயே விழுந்தது. “ஒரு வரிகூட மாத்தலைங்கிறீங்க, பெறகு ஏன் தம்பி ஓடல?” என்றார் பட்டறைக்காரர். நியாயமான கேள்வி. 2020 கடைசியில் வந்த 20.3 பதிப்பு முதல் பிப், பேக்கேஜ்களுக்கு இடையிலான பதிப்பு முரண்களை ஒழுங்காகவே அலசுகிறது. ஆனாலும் யாரும் எழுதி வைக்காத வரம்பை அது எங்கே போய்த் தேடும்?

யூவியின் லாக் கோப்பில் நாம் கேட்டவை, அவற்றின் பின்னால் வந்தவை எல்லாமே பதிப்பு எண்ணோடும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷோடும் பதிவாகின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே கோப்பு. எனக்குக் கைகொடுத்தது யூவியின் ‘எக்ஸ்க்ளூட் நியூவர்’ என்ற தெரிவு. 2024 ஜூன் 1 என்று கொடுத்தேன்; அதற்குப்பின் வெளியானவற்றை ஒதுக்கிவிட்டு, அன்றைக்கு ஒத்துப்போன பதிப்புகளையே தேர்ந்தெடுத்தது. கணினியில் நிறுவியிருப்பவற்றைப் பதிப்போடு பட்டியலிடும் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை போதாதா என்பார்கள். பதிப்புகள் உறையும், சரி. எது நாம் கேட்டது, எது தானாக வந்தது என்று அந்தப் பட்டியலில் பிரிக்க முடியாது. அது அந்தக் கணினிக்கான பட்டியலும்கூட.

செட்டப்-பை (setup.py) என்ற நிறுவல் நிரல் மட்டுமே உள்ள பழைய பேக்கேஜ்களில் இரண்டுமே திணறும். அதை ஓட்டிப் பார்த்தால்தான் தேவைகள் தெரியவரும். யூவியில் அந்தத் தேவைகளை, நம் நிரலின் அமைப்புகள் இருக்கும் பைப்ராஜெக்ட் (pyproject.toml) கோப்பில் நாமே எழுதிவிடலாம். எனக்கு அப்படி ஒரே ஒரு பேக்கேஜ்தான் வந்தது. பத்துப் பதினைந்து இருந்தால் இதே சுலபம் இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

யூவி ஒரே நிறுவனத்தின் படைப்பு என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ‘யூவி எக்ஸ்போர்ட்’ கட்டளை கொடுத்தால் லாக்கிலிருந்து ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு வந்துவிடுகிறது. அதை பிப்பிலேயே நிறுவலாம்.