மீல்வார்ம் டப்பாவும் மைட் தொல்லையும்: சில வருட அனுபவம்

மீன்களுக்கும் பறவைகளுக்கும் தீவனமாகும் மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் நாற்றம் அடிக்குமா, வண்டு வீடெல்லாம் பரவுமா என்றுதான் கேட்கிறார்கள். நாற்றம் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் வண்டு ஏறாது. மைட், அதாவது தவிட்டில் பெருகும் மிகச் சிறிய உண்ணி, வருமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

டப்பா, கோதுமைத் தவிடு, கேரட் துண்டு என்ற அடிப்படைகள் எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். மதுரையின் கோடைக்கு இதைவிட நிம்மதியான வளர்ப்பு கிடையாது. வண்டுகளைச் சல்லடைத் தட்டில் விட்டால் முட்டை கீழ்த்தட்டில் தானாக விழுகிறது. என் ஃப்ளவர்ஹார்ன் மீன் இந்தப் புழுவுக்குக் காட்டும் ஆர்வத்தை எந்தக் கடைத் தீவனத்துக்கும் காட்டியதில்லை. கொழுப்பு அதிகம் என்பதால் தினமும் கொடுப்பதில்லை.

ஐப்பசி மழை இறங்கியதும் நிலைமை மாறுகிறது. டப்பாவின் சுவரில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்ததுபோல் தெரியும். டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் தூசி நகரும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவுதான். தவிட்டில் வரும் மைட் காற்றிலிருக்கும் ஈரத்தையே உடலுக்குள் இழுத்து வாழக்கூடியது. காற்றின் ஈரப்பதம் சுமார் 65 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்று அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. போதாததற்குத் தவிட்டின் மேல் கேரட் வைக்கிறோம். அழுக்கு காரணமல்ல, ஈரம்தான் காரணம். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் வருகிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அதைவிட ஆத்திரம் தருவது இன்னொன்று. இந்த மைட்டுகளில் பலவற்றுக்கு வாயே இல்லாத ஓர் இடைப்பருவம் உண்டு. எதையும் தின்னாது, வறட்சியைத் தாங்கும், வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தவிட்டை மொத்தமாக மாற்றியும் சில வாரங்களில் திரும்பி வருவது இதனால்தான். விற்கிறவர் "சுத்தமான கல்ச்சர்" (வளர்ப்புக் கூட்டம்) என்று சத்தியம் செய்தாலும் அந்த வண்டின் வயிற்றுப் பக்கத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நியாயமாகச் சொன்னால், அவருக்கே அது தெரிந்திருக்காது.

"வேப்பிலை போடு" என்று பலர் சொல்வார்கள். அரிசிக்குச் சரி. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரிப்பதையே கெடுக்கும், மீல்வார்மும் ஒரு பூச்சிதான். பாச்சா உருண்டையும் கூடவே கூடாது.

எனக்குப் பலன் தந்தது இவ்வளவுதான். புதுத் தவிட்டை மொட்டை மாடி வெயிலில் கறுப்புத் தாளின் மேல் மெல்லிசாகப் பரப்பிக் காயவைப்பேன், பிறகு ஃப்ரீசரில் ஒரு வாரம். அரிசி அந்துப்பூச்சியும் செம்மாவு வண்டும் வராமல் போனதற்கும் இதுவே காரணம். அந்து விழுந்த தவிடு நூல் கட்டிக் கட்டியாகிவிடும், அதைச் சலிப்பது பெரிய வேதனை. கேரட்டைத் தவிட்டில் படாமல் சின்ன மூடியில் வைத்து அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். அந்த மூடியில் மைட் வந்து மொய்க்கும் என்பதால் அதுவே பொறியாகவும் ஆகிறது. டப்பாவின் விளிம்பைச் சுற்றி வாஸ்லின் தடவினால் வெளியே போவதும் உள்ளே வருவதும் குறையும். மூடியை இறுக்கி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், அதனால் காற்று நன்றாகப் போக வேண்டும்.

ஒருமுறை வந்துவிட்டால் வண்டுகளைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கூட்டுப்புழுக்களை மட்டும் பொறுக்கி, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, டிஷ்யூ விரித்த புது டப்பாவில் வைத்து அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய தவிட்டைக் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள். ரவை, மைதா இருக்கும் அலமாரிக்கு மைட் போனால் வேறு தலைவலி, சிலருக்கு மூக்கடைப்பும் தும்மலும் வரும்.

இவ்வளவு செய்தால் டப்பா சுத்தமாக இருக்கிறது, மீனும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒற்றை மீனுக்காக இதை ஆரம்பிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம், கடையில் புழுவாகவே வாங்கி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் தூங்கும் (சூப்பர்வார்ம் என்ற பெரிய வகைப் புழுவை அப்படி வைக்கக் கூடாது, செத்துவிடும்). மீன்களும் பறவைகளும் நிறைய இருக்கிறவர்கள் மட்டும் வளர்க்கலாம். அவர்களும் மாசிக்குப் பிறகு, கூட்டுப்புழுவாக வாங்கி.